கெயின் கோப்பைப் புதுப்பிப்பது கிளார்க் வேலை அல்ல

விண்வெளித் தொலைநோக்கி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வண்ணப் படங்கள்தான். வெடித்துச் சிதறிய விண்மீன், கருந்துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கும் தாரை, ஊதா நிறத்தில் ஒளிரும் காலக்ஸிக் கொத்து... இந்தப் படங்களுக்கெல்லாம் அடியில் ஒரு அட்டவணை இருக்கிறது. "டிடெக்டர் இந்த எண்ணைச் சொன்னால், வந்து விழுந்த எக்ஸ் கதிரின் ஆற்றல் இவ்வளவு" என்று சொல்லும் அட்டவணை. அதன் பெயர் கெயின் கோப்பு. அதை யாரும் கம்ப்யூட்டர் திரையில் வால்பேப்பராகப் போட்டுக்கொள்வதில்லை!

போட்டுக்கொள்ளாததில் தப்பில்லை. அதைப் புதுப்பிப்பதை ஏதோ ஆபீசில் பதிவேடு மாற்றி எழுதும் வேலையாகப் பார்ப்பதுதான் தப்பு. "அதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கும்", "சும்மா சும்மா மாத்திக்கிட்டே இருந்தா எப்படி பேப்பர் எழுதறது?", "புள்ளி மூணு சதவீதம்தானே, போகட்டும் விடுங்க". வானியல் படிப்பவர்கள் மத்தியிலேயே சாதாரணமாகப் புழங்கும் பேச்சு இது. மூன்றுமே தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு சந்திரா தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி, 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் ஏறிப் போனது. அதில் இருக்கும் முக்கியமான கேமராவின் பெயர் ஏசிஸ். மொத்தம் பத்து சிசிடி சில்லுகள். ஒவ்வொன்றும் 1024 வரிசை, 1024 நிரல்.

எக்ஸ் கதிர் ஒன்று சிலிக்கானில் விழுந்தால் எலக்ட்ரான்கள் கிளம்பும். ஏறக்குறைய 3.65 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு எலக்ட்ரான் என்று கணக்கு. 5,900 எலக்ட்ரான் வோல்ட் கதிர் என்றால் சுமார் 1,600 எலக்ட்ரான்கள். இந்தக் குவியலை வரிசை வரிசையாக நகர்த்தி, ஓரத்தில் இருக்கும் பெருக்கியிடம் கொண்டுபோய், எண்ணாக மாற்ற வேண்டும். அந்த எண்ணிலிருந்து ஆற்றலுக்குத் திரும்பிப் போகும் வழிதான் கெயின்.

வீட்டுக்குத் தளம் போடும் இடத்தில் கலவைச் சட்டி கைமாறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கையிலும் துளி சிந்தும். பத்து கை மாறினால் தெரியாது. ஆயிரம் கை மாறினால்? சிசிடியிலும் அதே கதைதான். ஒரு நகர்த்தலுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிந்தினாலும், 1024 நகர்த்தல் முடியும்போது பத்து சதவீதம் காணாமல் போயிருக்கும். அதாவது ஒரே ஆற்றல் உள்ள இரண்டு கதிர்கள், சில்லில் விழுந்த இடத்தைப் பொறுத்து இரண்டு வேறு எண்களைக் கொடுக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நிஜமாகவே நடந்தது. ஏவிய சில வாரங்களிலேயே, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைச் சந்திரா கடந்தபோது, குறைந்த ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் தொலைநோக்கியின் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து நேராகக் கேமராவில் இறங்கின. முன்பக்கம் ஒளி வாங்கும் எட்டு சில்லுகளும் அடி வாங்கின. பின்பக்கம் ஒளி வாங்கும் இரண்டு மட்டும் தப்பித்தன. காரணம் புரிந்ததும், வளையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி இறுதியில் கேமராவை மைனஸ் 120 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்தார்கள். குளிர்ந்தால் சிந்துவது குறையும்.

ஆனால் பட்ட காயம் பட்டதுதான். மேலே போய் யாரும் ரிப்பேர் பார்க்க முடியாது. மிச்ச வைத்தியம் முழுக்கத் தரையில், மென்பொருளில். எந்தச் சில்லில், எந்த இடத்தில், எந்த ஆற்றலில் எவ்வளவு சிந்துகிறது என்று அளந்து, திருத்திக் கணக்குப் போடும் வைத்தியம். அதன் மருந்துச் சீட்டுதான் அளவுத்திருத்தக் கோப்புகள். காயம்பட்ட கேமராவை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் விஞ்ஞானம் செய்ய முடிந்தது என்றால் அதற்குக் காரணம் இந்தச் சீட்டுதான். இதைக் கிளார்க் வேலை என்பவர், அறுவை சிகிச்சையைத் தையல்காரர் வேலை என்றும் சொல்லக்கூடும் :-)

சரி, ஒரு தடவை அளந்தாயிற்று. அப்புறம் எதற்கு மறுபடி மறுபடி?

கருவி மாறிக்கொண்டே இருப்பதால். கதிர்வீச்சுச் சேதம் மெல்ல மெல்லக் கூடுகிறது. வெப்பம் தடுக்கும் போர்வைகள் வெயிலில் பழசாகி, கேமராவைக் குளிராகவே வைத்திருப்பது கஷ்டமாகிறது. வெப்பம் மாறினால் கெயின் மாறும். ஆகவே சந்திராவின் கெயினுக்கு இடம், ஆற்றல் மட்டுமல்ல, தேதியும் தேவை. காலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திருத்தம் போடுகிறார்கள். புதிதாக எடுத்த தரவுக்கு அதன் காலப்பகுதித் திருத்தம் இன்னும் தயாராகியிருக்காது. முந்தைய திருத்தத்தை வைத்துத்தான் முதலில் பதப்படுத்துவார்கள். சில மாதம் கழித்து சரியான கோப்பு வரும்போது மறுபடி பதப்படுத்த வேண்டும். "முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டேன்" என்று பழையதை வைத்துக்கொண்டு ஓட்டுபவர், தற்காலிக ரசீதையே பத்திரமாக நினைத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கை. அளப்பதற்கு அளவுகோல் வேண்டுமே? அதற்காக சந்திராவுக்குள்ளேயே இரும்பு 55 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து வரும் மாங்கனீசு, டைட்டானியம், அலுமினியம் கோடுகளின் ஆற்றல் துல்லியமாகத் தெரியும். கேமரா ஒளிந்திருக்கும் நேரத்தில் அந்த மூலத்தைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் இரும்பு 55இன் அரைவாழ்வு சுமார் 2.7 ஆண்டுகள். 27 ஆண்டு என்றால் பத்து அரைவாழ்வு. பத்து தடவை பாதியாக்கினால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு. 1999இல் ஜொலித்த விளக்கு இன்று மின்மினி.

கருவி வயதாகி அதிகக் கவனம் கேட்கும் நேரம் பார்த்து, அளவுகோல் அணைந்துகொண்டே வருகிறது. அதனால் இப்போது காசியோபியா ஏ போன்ற விண்மீன் வெடிப்பு மிச்சங்களின் கோடுகளை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. காசியோபியா ஏ என்ன சும்மா உட்கார்ந்திருக்கும் பொருளா? அதன் துண்டுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. வேகம் இருந்தால் கோடு இடம் மாறும். ஓடிக்கொண்டிருக்கும் அளவுகோலை வைத்து, மாறிக்கொண்டிருக்கும் தராசைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு இயற்பியல் தெரிந்தவர் தேவையா, பதிவேடு எழுதுபவர் போதுமா? படிப்பவர்களே சொல்லட்டும்.

அடுத்து அந்த "புள்ளி மூணு சதவீதம்".

காலக்ஸிக் கொத்துகளில் இருக்கும் சூடான வாயு, இரும்பின் கோட்டை 6,700 எலக்ட்ரான் வோல்ட் அருகே காட்டும். வாயு நகர்ந்தால் கோடும் நகரும். ஆற்றலில் 0.3 சதவீதப் பிழை என்றால் 20 எலக்ட்ரான் வோல்ட். அதை வேகமாக மாற்றினால் ஒளியின் வேகத்தில் 0.3 சதவீதம், அதாவது நொடிக்கு 900 கிலோமீட்டர்! 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், செயலிழப்பதற்கு முன் கிடைத்த சொற்ப நாட்களில், பெர்சியஸ் கொத்தின் மையத்தில் வாயுவின் கொந்தளிப்பை அளந்தது. வந்த விடை நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர். 6,700இல் இது நாலு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. சந்திராவின் ஆற்றல் கட்டம் ஒன்றின் அகலமே 14.6 எலக்ட்ரான் வோல்ட். "போகட்டும் விடுங்க" என்று விட்ட இடத்தில், பிரபஞ்சத்தின் மிகப் பெரிய பொருள்கள் அசைகின்றனவா இல்லையா என்ற கேள்வியே மூழ்கிப்போகும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நூறு ஃபோட்டான் மட்டுமே கிடைத்த மங்கலான பொருளுக்கு இந்தத் துல்லியம் தேவையில்லை. புள்ளியியல் பிழையே அதைவிடப் பெரியது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இப்போது யாரும் நூறு ஃபோட்டானோடு நிற்பதில்லை. பழைய தரவுகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்டப் புள்ளியியல் பிழை குறையும். கெயின் பிழை குறையாது. ஒரே தராசில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் தராசின் கோணல் நேராகாது.

2014இல் இரண்டு குழுக்கள் 3,500 எலக்ட்ரான் வோல்ட் அருகே இனம் தெரியாத கோடு ஒன்றைப் பார்த்ததாக அறிவித்தன. ஒரு குழு 73 காலக்ஸிக் கொத்துகளை அடுக்கியது. கரும்பொருள் துகளின் கையெழுத்தாக இருக்கலாம் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. பின்னணிக்கு மேல் அந்தக் கோடு எழும்பிய உயரம் ஒரு சதவீத அளவு. கொத்துகள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், அடுக்கும்போது கருவியின் சொந்தக் கோணல்கள் கலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். ஆனாலும் 2017இல் வந்த ஹிட்டோமி ஆய்வு, பெர்சியஸில் முன்பு சொல்லப்பட்ட அளவுக்கு அந்தக் கோடு இல்லை என்றது. ஒரு சதவீத மேட்டில் கரும்பொருளைத் தேடும்போது, முதலில் பதில் சொல்ல வேண்டியது கோட்பாட்டாளர் அல்ல. டிடெக்டர். அதன் சார்பில் பேசுவது அளவுத்திருத்தக் கோப்பு.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. நிறமாலையைப் பொருத்தும் மென்பொருளில் கெயினையே ஒரு திருகாக விட்டுவிடலாம். மாதிரி பொருந்தவில்லையா? திருகைக் கொஞ்சம் திருப்பு. பொருந்திவிடும்! கருவி உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது என்று தனி ஆதாரம் இருந்தால் இதைச் செய்யலாம். ஆதாரம் இல்லாமல் செய்தால், வாடிக்கையாளர் கேட்ட எடை வரும்வரை தட்டை விரலால் அழுத்தும் கடைக்காரர் கதைதான். வாயு நகர்ந்ததா, கருவி நகர்ந்ததா என்ற கேள்விக்குத் திருகு பதில் சொல்லாது. அந்தக் கேள்வியையே அது அழித்துவிடும்.

"எண் மாறிக்கொண்டே இருந்தால் எதை நம்புவது?" என்பது கடைசிக் கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக்கொள்கிறது. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. சனிப்பெயர்ச்சிக்கு இரண்டிலும் இரண்டு தேதி வருவது அதனால்தான். மாறாமல் இருப்பது வாக்கியத்தின் குணம். ஆனால் சனி எங்கே இருக்கிறது என்று தொலைநோக்கியைத் திருப்ப வேண்டியவர் எதைப் பார்ப்பார்? மாறாத எண்ணை நம்பத் தேவையில்லை. எதனால், எப்போது, எவ்வளவு மாறியது என்று எழுதிவைத்த எண்ணை நம்பலாம். சந்திராவின் தரவுக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் எந்தக் கெயின் கோப்பு, எந்தத் தொகுப்பு என்று பதிந்திருக்கிறது. மறுபடி பதப்படுத்த ஒரே ஒரு கட்டளை போதும். கட்டுரையில் அந்தத் தொகுப்பின் எண்ணை எழுத ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்படுபவர், மற்றவர்கள் தம் முடிவைச் சரிபார்க்கும் உரிமையைப் பறிக்கிறார்.

புதுப்பிப்பதால் கண்டுபிடிப்பு கெடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம் நியூட்டனில், டிடெக்டருக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பலகையின் செம்பு, தானும் எக்ஸ் கதிர் விட்டுக்கொண்டிருக்கும். 8,000 எலக்ட்ரான் வோல்ட் அருகே விழும் அந்தக் கோட்டை எல்லோரும் குப்பை என்று ஒதுக்கினார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் குப்பையையே அளவுகோலாக்கியது. ஒவ்வொரு பதிவிலும் செம்புக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து ஆற்றல் கணக்கைத் திருத்தினார்கள். பழைய தரவிலிருந்தே நொடிக்கு 150 கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைத்தது. பெர்சியஸிலும் கோமாவிலும் வாயு எப்படி ஓடுகிறது என்று முதல்தடவையாக வரைபடம் போட முடிந்தது. புதிய தொலைநோக்கி தேவைப்படவில்லை. நல்ல கெயின் கணக்கு தேவைப்பட்டது.

இப்போது பணத்துக்கு வரலாம். 2024 மார்ச்சில் நாசா வெளியிட்ட நிதிக் கோரிக்கையில், 2023 நிதியாண்டில் சுமார் 6.83 கோடி டாலராக இருந்த சந்திராவின் பங்கை 2025க்கு 4.11 கோடியாகக் குறைக்கச் சொன்னார்கள். கருவிக்கு வயதாகிவிட்டது, பராமரிப்பு கூடுகிறது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. வானியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயம். ஆனால் கொதித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் அளவுத்திருத்தக் குழுவின் உழைப்பை ஒரு வரியாவது மதித்து எழுதியிருந்தார்கள்? வருஷக்கணக்காகக் "கிளார்க் வேலை" என்று சொல்லிவிட்டு, வெட்டு விழும்போது மட்டும் "அது விஞ்ஞானம்" என்றால் யார் கேட்பார்கள்?

தொலைநோக்கி ஒருநாள் நின்றுவிடும். தரவு நிற்காது. 1999இல் பிடித்த ஃபோட்டானை 2050இல் பிறக்காத கேள்விக்காக யாரோ ஒரு மாணவி திறந்து பார்ப்பாள். அன்றைக்கு அவளுக்குப் பேச சந்திரா இருக்காது, ஏசிஸ் இருக்காது, இரும்பு 55 எப்போதோ அணைந்திருக்கும். கடைசியாகத் திருத்தி வைத்த கோப்பு மட்டும் இருக்கும். அது சரியாக இருந்தால், காயம்பட்ட கேமராவின் சாட்சியம் செல்லும். இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் எண்கள்.

முத்திரை குத்தாத எடைக்கல்லில் அரிசி வாங்க மாட்டோம் என்பவர்கள், பிரபஞ்சத்தை மட்டும் அப்படி வாங்கலாமா?