தக்காளிக்குத் தெரியாது பி.எஸ்.6

போன மாசம் சென்னையில இருக்கிற சித்தப்பா பையன் ஊருக்கு வந்திருந்தான். களத்து மேட்டுல நின்ன லாரியைப் பாத்துட்டு, "இப்ப வர்ற வண்டியெல்லாம் சூப்பர்ண்ணே, புகையே இல்ல, மைலேஜும் அள்ளுது, இன்னும் என்ன குறை உங்களுக்கு?" என்று கேட்டான். அப்போது பதில் சொல்லவில்லை, களை வெட்டுற ஆளுங்க காத்திருந்தாங்க. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது உங்க எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

முதல்லயே ஒன்னு. "அந்தக் காலத்து எஞ்சின் தங்கம், இந்தக் காலத்து எஞ்சின் தகரம்" என்று டீக்கடையில பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. எங்க மச்சானிடம் (வீட்டுக்காரம்மாவோட தம்பி) இருந்த பழைய ஆறு சக்கர லாரியில் ஒட்டன்சத்திரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் எத்தனையோ ராத்திரி போயிருக்கேன். கேபினுக்குள்ள டீசல் நாத்தம், ஏத்தத்துல கரும்புகை, காலையில மூக்கைச் சிந்துனா கறுப்பா வரும். அதை ஏக்கத்தோட நினைச்சுப் பாக்க என்ன இருக்கு?

மைலேஜ் கணக்கும் நோட்டில் இருக்கு. போக வர 900 கிலோமீட்டர். பழைய வண்டி லிட்டருக்கு 4.2 கொடுத்தது, ஒரு நடைக்கு 214 லிட்டர். இப்ப இருக்கிற பி.எஸ்.6 வண்டி 5.4 கொடுக்குது, 167 லிட்டர். 47 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் 4,300 ரூபாய்க்கு மேல். டீசலோட சேத்து ஊத்துற டெஃப் (எங்க டிரைவருங்க 'யூரியா'ன்னுதான் சொல்லுவாங்க) நூறு லிட்டர் டீசலுக்கு அஞ்சு லிட்டர் போல இழுக்கும். அந்த ஐநூறைக் கழிச்சாலும் நடைக்கு 3,800 கையில நிக்குது. ஆயில் மாத்துற இடைவெளியும் முன்னைவிட ரொம்ப நீண்டிருக்கு. அதனால எஞ்சின் மட்டம்னு சொன்னா அது பொய்.

சட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க பி.எஸ்.4-லிருந்து ஒரே தாவலில் பி.எஸ்.6-க்குப் போனோம். டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்-லிருந்து 10 ஆச்சு. லாரி எஞ்சின் விடலாம் என்ற நைட்ரஜன் ஆக்சைடு அளவு யூனிட்டுக்கு 3.5 கிராமிலிருந்து 0.4-க்கு வந்தது. கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. அந்தக் காத்தை நீங்களும் சுவாசிக்கிறீங்க, எங்க டிரைவரும் சுவாசிக்கிறார். நல்ல விஷயம்.

அப்புறம் எங்கதான் குத்தம்? போன ஐப்பசியில நடந்ததைக் கேளுங்க.

அஞ்சு வீட்டுத் தக்காளி, 14 கிலோ பெட்டி 500. அதுல என்னுது 120. சாயங்காலம் ஏத்தி அனுப்பினோம். பெரம்பலூர் தாண்டினதும் ராத்திரி மச்சான்கிட்ட இருந்து போன். "மாமா, வண்டி இழுக்கல. டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரியுது." எஞ்சின் நல்லா ஓடுது, ஆயில் இருக்கு, தண்ணி இருக்கு, டெஃப் டேங்கும் முக்கால்வாசி இருக்கு. ஆனா புகைக்குழாயில இருக்கிற ஒரு சென்சார் தப்பான கணக்கைக் கொடுக்குது. கம்ப்யூட்டர் அதை நம்பி முதல்ல பவரைக் குறைச்சுது. கொஞ்ச நேரத்துல வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல நகரல. மாட்டு வண்டிக்கு அக்கா.

ரோட்டோரம் ஒரு மெக்கானிக்கை எழுப்பினாங்க. முப்பது வருசமா லாரி பாக்கிறவர். பாத்த உடனே "நாக்ஸ் சென்சாரா இருக்கும்" என்று சரியாச் சொன்னார். ஆனா கை வைக்க முடியல. அந்தக் கோளாறு எண்ணைப் படிக்கவும், புது சென்சாரைப் போட்டுட்டு கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகப்படுத்தவும் கம்பெனி சாப்ட்வேர் வேணும், அதுக்குப் பாஸ்வேர்டு வேணும். அது அவர் கைக்கு வராது. கம்பெனி சர்வீஸ் சென்டர் காலையில ஒன்பது மணிக்குத் திறந்தது. லேப்டாப்போட ஆள் வந்தபோது பத்தரை. வேலை நாப்பது நிமிசம். பில் 24,000.

லோடு கோயம்பேடு போய்ச் சேர்ந்தப்ப அன்னிக்குச் சந்தை முடிஞ்சிருச்சு. முந்தின ராத்திரி பெட்டி 400-க்குப் போன தக்காளி, மறுநாள் நசுங்கி 220-க்குப் போச்சு. என் 120 பெட்டிக்கு மட்டும் 21,600 ரூபாய் நட்டம். அஞ்சு வீட்டுக்கும் சேத்து 90,000. மச்சான் ஆறு நடையில மிச்சம் பிடிச்ச டீசல் காசு அந்த ஒரு பில்லுல போச்சு.

எஞ்சின் அன்னிக்குப் பழுதே ஆகலங்க. ஓடுற எஞ்சினை ஒரு பூட்டு நிறுத்துச்சு. அந்தப் பூட்டோட சாவி எங்க கையிலயும் இல்ல, எங்க மெக்கானிக் கையிலயும் இல்ல. பழைய வண்டி அடிக்கடி நிக்கும். ஆனா நின்ன இடத்துல கம்பியும் ஸ்பேனரும் வச்சு ஓட்ட வச்சிரலாம். புது வண்டி அபூர்வமாத்தான் நிக்குது, நின்னா எப்ப ஓடும்னு தீர்மானிக்கிறவன் வேற ஊர்ல இருக்கான். 'நம்பகமான எஞ்சின்'னு விளம்பரத்துல போடுறவங்க இந்த ரெண்டாவது பாதியைச் சொல்றதில்ல.

"பூட்டலைன்னா நீங்க ஏமாத்துவீங்களே" என்று பதில் வரும். அதுல உண்மை இல்லாம இல்ல. வயலுக்கு வாங்குற 266 ரூபாய் மூட்டை யூரியாவை போர் தண்ணியில கரைச்சு டெஃப் டேங்குல ஊத்துறவங்களை நானே பாத்திருக்கேன். பச்சை முட்டாள்தனம். வயல் யூரியாவுல வேப்பெண்ணெய் பூசியிருக்கு, போர் தண்ணியில உப்பு இருக்கு. டெஃப்னா சுத்தமான யூரியா 32.5 சதவீதம், மிச்சம் உப்பு நீக்கின தண்ணி. மாத்தி ஊத்தினா இன்ஜெக்டரும் அடைக்கும், லட்ச ரூபாய் கேட்டலிஸ்ட்டும் போகும். சென்சாரை ஏமாத்துற பொட்டி மாட்டுறவங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கல.

ஆனா ஏமாத்துற கதையைப் பேசுனா முழுசாப் பேசுவோம். 1998-ல் அமெரிக்க அரசு ஏழு பெரிய லாரி எஞ்சின் கம்பெனிகளைப் பிடிச்சுது. சோதனைக் கூடத்துல ஓடும்போது சுத்தமாவும், நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல போகும்போது மைலேஜுக்காக நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி விடுற மாதிரியும் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருந்தாங்க. அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் கார்ல வெளிவந்ததும் இதே மாதிரி சாப்ட்வேர் தில்லுமுல்லுதான். சாப்ட்வேரை வச்சு பெரிய அளவுல ஏமாத்தினது பெரம்பலூர் மெக்கானிக் இல்ல. அப்ப எதுக்கு அவரை மட்டும் திருடன் மாதிரி வெளியில நிறுத்துறீங்க?

இன்னொன்னு, இந்த வண்டிகளை எங்க ரோட்டை நினைச்சுச் செய்யல. புகைக்குழாயில இருக்கிற வடிகட்டியில கரி சேரும். நீண்ட தூரம் வேகமா ஓடினா குழாய் சூடாகி அதுவே எரிஞ்சு போகும். நாங்க விடிகாலையில தோட்டம் தோட்டமா நின்னு பெட்டி ஏத்துறோம், எஞ்சின் சும்மாவே ஓடுது, சூடே ஏறாது. வடிகட்டி அடைக்குது. அப்புறம் நிறுத்தி வச்சே எரிக்கச் சொல்லுது கம்ப்யூட்டர். அந்தச் சூட்டுல பக்கத்துல வைக்கோல் கிடந்தா என்ன ஆகும்னு வண்டி வித்தவர் சொல்லிக் கொடுக்கல. நாங்களா கத்துக்கிட்டோம்.

நாங்க கேக்கறது பெரிசு இல்ல. சென்சார் கெட்டா லோடோட நடுரோட்டுல முடக்காதீங்க, இறக்கிட்டு வர நாலு நாள் அவகாசம் கொடுங்க. அமெரிக்காவுலயே 2025 ஆகஸ்டுல, 2027 மாடல்ல இருந்து டெஃப் தீர்ந்தாலும் லாரி திடீர்னு பவர் இழக்காத மாதிரி செய்யணும்னு சொல்லிட்டாங்க. கோளாறு எண்ணைப் படிக்கிற கருவியும், சென்சாரை மாத்துற அனுமதியும் வெளி மெக்கானிக்குக்கு நியாய விலையில கிடைக்கணும். நம்ம அரசும் 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை'ன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு, வாகனமும் விவசாயக் கருவியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. இணையதளம் ராத்திரி ஒரு மணிக்கு வண்டியை நகர்த்தாது. சட்டம் வேணும்.

சுத்தமான காத்து வேணும்னு நீங்க குரல் கொடுத்தீங்க, வந்துச்சு. அதே குரலை இதுக்கும் கொடுங்க. எங்க குரல் கம்பெனி வாசல் வரைக்கும் போகாது, உங்க குரல் போகும். அன்னிக்கு 180 ரூபாய் குறைஞ்சு வித்த அந்தப் பெட்டியோட தக்காளி உங்க தெருக் கடையில என்ன விலைக்கு வந்துச்சுன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்க. குறைஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

நாளைக்கு மறுபடியும் லோடு. மச்சான் இப்ப வண்டியில ஒரு புது சென்சாரை எப்பவும் கூடவே வச்சிருக்கார். மாட்டத்தான் பாஸ்வேர்டு இல்ல.