சுகப்பிரசவம் யாருக்குச் சுகம்?

குழந்தை பிறந்த செய்தி கேட்டவுடன் நம்மவர் வாயில் எழும் முதற் கேள்வி, "தாய் நலமா?" என்பதன்று; "சுகப்பிரசவமா, ஆப்பரேஷனா?" என்பதேயாம். சுகப்பிரசவமென்றால் முகம் மலர்கிறது. ஆப்பரேஷனென்றால், "நோவு தாங்க மாட்டாதவள்" என்று தீர்ப்புப் பிறக்கிறது. வயிற்றிலே தையலும் மடியிலே மகவுமாய்க் கிடப்பவளைப் பார்த்துச் சொல்லத்தக்க சொல்லா இது?

சுகமென்று பெயரிட்டவர் யார்? இரவு பகலாய் இடுப்பு நோவில் துடித்தவளை வினவுங்கள். அச்சொல்லின் பொய்மையை அவளே உரைப்பாள். சிசேரியனும் சோம்பேறியின் குறுக்குவழியன்று. வயிற்றையும் கருப்பையையும் அறுத்துத் தைத்த பின் எழுந்து நடப்பதே பெரும் போராட்டம். குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு கருப்பை வாயை அடைத்து நின்றாலும், அக்கத்தியே இரு உயிரையும் காப்பது. அன்று தோட்டத்து லயங்களில் அவ்வுதவி எட்டாமல் மாண்ட தாய்மாரை மறந்தோமா?

ஆயினும் வேண்டாத இடத்தில் பாயும் கத்தியை நாம் ஆதரிக்கவில்லை. இச்சிகிச்சை ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டுவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. தமிழ்நாட்டிலோ, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36, தனியார் ஆஸ்பத்திரிகளில் 64! பணங் கட்டும் இடத்தில் மட்டும் தமிழச்சியின் இடுப்பெலும்பு சுருங்கிவிடுமோ?

போதாக்குறைக்கு ஜோசியர் வேறு! நட்சத்திரம் பார்த்து வயிற்றை அறுக்கச் சொல்லும் பைத்தியம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுத்த குழந்தை மூச்சுத் திணற நேரலாம். பழைய தழும்பில் அடுத்த கருவின் நஞ்சு ஒட்டித் தாயின் உயிருக்கே உலை வைக்கலாம். இதை எந்தப் பஞ்சாங்கம் எச்சரிக்கிறது?

மாமியார் பேசுகிறார், ஜோசியர் பேசுகிறார், கணவன் பேசுகிறான். தாய் என்ன சொல்கிறாள்? நோவைச் சகித்துத் தானே பெற விரும்புவாள் ஒருத்தி. முதற் பிரசவத்தின் கொடுமையை நினைந்து சிகிச்சையை நாடுவாள் மற்றொருத்தி. இருவரும் மதிக்கத்தக்கவரே. "ஏனென்று சொல்லாமலே அறுத்தார்கள்" என்று வருந்தும் மூன்றாமவளின் கண்ணீரே நம் சமூகத்தின் வெட்கம்.

தாய்மார்களே! கையெழுத்திடுமுன் கேளுங்கள்: சிகிச்சை எதற்கு? அபாயம் என்ன? காத்திருக்கலாமா? வைத்தியரின் அறிவும் உங்கள் சம்மதமும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பஞ்சாங்கத்துக்கும் பழிச்சொல்லுக்கும் அங்கே இடமில்லை.

பிறப்பினால் மனிதனுக்கு உயர்வு தாழ்வு இல்லையென்று முழங்கும் நாம், பெற்ற வழியினால் தாய்க்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது எந்த நியாயம்?