என்ன யோசனை, சொல்லுங்க



போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் நம் அலுவலகத்தின் பின்னறை ஒரு மணி நேரம் உள்ளே தாழிட்டிருந்தது. பழைய இதழ்க் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறை அது. ஊருக்கு வந்திருந்த என் கல்லூரித் தோழி, "ஏழு மணிக்கு ஒருத்தர்கிட்ட பேசணும், சத்தமில்லாத இடம் வேணும்" என்று கேட்டிருந்தாள். உள்ளே போனதும் மின்விசிறியை நிறுத்தினாள். கதவிடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். நான்கு தீபாவளி மலர்களை அடுக்கி, மடிக்கணினியை அதன்மேல் கண்ணுக்கு நேராக ஏற்றிக்கொண்டாள். டீ கொண்டுவரும் தம்பியைக்கூட அந்தப் பக்கம் விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

எட்டு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள். "யாருடி?" என்றேன், பத்திரிகைக்காரப் புத்தி. "டீ இருக்கா?" என்றாள். அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடும்போதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் டொரன்டோவில் மனநல ஆலோசகர். மதுரையில் பிறந்து, சென்னையில் உளவியல் படித்து, கல்யாணமாகிக் கனடா போய், அங்கே மறுபடி படித்துத் தொழிலுக்கு வந்தவள். ஒன்டாரியோவில் 2015-இல் உளச்சிகிச்சையாளர்களுக்கான பதிவு முறை நடைமுறைக்கு வந்தபோது அதில் பதிவு செய்துகொண்டாள். கொரோனாவுக்குப் பிறகு அவள் வேலையில் பெரும்பகுதி கணினித் திரை வழியாகத்தான். நம் மாலை ஏழு மணி அங்கே கோடையில் காலை ஒன்பதரை. அவள் சொன்னவற்றில், ஆட்களின் அடையாளத்தை மாற்றி எழுத அனுமதித்த சிலவற்றை மட்டும் உங்களோடு பகிர்கிறேன்.

முதலாவது, அவள் அங்கே தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது. ஸ்கார்பரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். தலையிடி, நெஞ்சு நோவு, பெருமூச்சு. எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த மருத்துவர், உடம்பில் கோளாறு இல்லையென்று இவளிடம் அனுப்பியிருந்தார். "ஒரே யோசனையாக் கிடக்குது பிள்ளை" என்றாராம். நம் மதுரைக்காரிக்கு யோசனை என்றால் திட்டம். "நல்லதும்மா, என்ன யோசனை, சொல்லுங்க" என்று உற்சாகமாகக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்தார். "யோசனை எண்டால் கவலை, பிள்ளை" என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு அழுதார். அதன்பிறகு வந்ததுதான் போரில் காணாமல்போன மகனின் கதை.

"அந்த அம்மா 'டிப்ரெஷன்'னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் மாட்டாங்க. தலையும் நெஞ்சும்தான் அவங்களுக்குப் பேசுச்சு" என்றாள் தோழி.

இது தமிழருக்கு மட்டும் உள்ளதல்ல. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வந்த நோயாளிகளை ஆராய்ந்த ஆர்தர் கிளைன்மன், அவர்களில் மிகப் பலருக்கு மனச்சோர்வு உடல் வலியாகத்தான் வெளிப்படுகிறது என்று 1982-இல் எழுதினார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தந்த காயத்தைப் பற்றித் தமிழிலேயே 'மனவடு' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பண்பாட்டைக் கேட்டறிய 16 கேள்விகளையே சேர்த்தது. உங்களுக்கு வந்திருப்பதை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று. என் தோழி அந்த அம்மாவிடம் தெரியாமல் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

இரண்டாவது, ஓர் இளைஞர். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. ஊரிலிருக்கும் தங்கைக்குச் சீதனம் சேர்க்கிறார். தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். முன்பு பார்த்த ஆலோசகர் ஒருவர், "உன் வாழ்க்கையை முதலில் பார், முடியாது என்று சொல்லப் பழகு" என்றாராம். தம்பி மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. நம் ஊர்ப் பெரியவரிடம் போயிருந்தால், "அண்ணன்னு பொறந்தா செய்யத்தான் வேணும்" என்று முடித்திருப்பார். இவள் இரண்டையும் சொல்லவில்லை. ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொன்னாள்: கடன், கடமை, ஆசை. அனுப்பும் ஒவ்வொரு தொகையும் எந்தக் கட்டத்தில் வரும்? இரண்டு வாரம் கழித்துத் தாளைத் திரையில் தூக்கிக் காட்டினார். தங்கைக்கு அனுப்புவது 'ஆசை'யில் இருந்தது. மனதை அரித்தது அதுவல்ல. வீட்டைப் பெரிதாகக் கட்டச் சொல்லும் சித்தப்பாவுக்கு அனுப்புவது. அது எந்தக் கட்டத்திலும் இல்லை, ஓரத்தில் கிடந்தது. இரவு வேலையை விட்டுவிட எத்தனை டாலர் குறைத்தால் போதும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

இப்படி ஆளுக்கேற்பப் பல முறைகளைக் கலந்து செய்வதை ஒருங்கிணைந்த சிகிச்சை என்கிறார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடமிருந்து குறுக்கே பேசாமல் கேட்பதை எடுத்துக்கொள்கிறாள். மனநல மருத்துவர் ஆரன் பெக்கிடமிருந்து எண்ணங்களை எழுதிச் சரிபார்ப்பதை. சிலருக்கு மூச்சுப் பயிற்சி, சிலருக்கு நடை. கோயில்? "போறீங்களான்னு கேட்பேன். போங்கன்னு சொல்ல மாட்டேன். போறவங்களைப் போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்." மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தும் பேச்சுக்கே அவளிடம் இடமில்லை.

திரை வழியாக மனதைப் பேச முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அவள் சொன்ன காட்சி அதைக் குறைத்தது: கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் மருமகள், கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பனி விழ, உள்ளே உட்கார்ந்து பேசுகிறார். அவருக்கு ஒரு மணி நேரம் கதவடைத்துப் பேசக் கிடைத்த ஒரே அறை அந்தக் கார். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி இதுதான்: இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார்? அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணும் அவள் கையில் இருக்கும். உயிருக்கு ஆபத்தான மனநிலையிலோ, இல்லாத குரல்கள் கேட்கும் நிலையிலோ இருப்பவரைத் திரையை நம்பி வைத்துக்கொள்ள மாட்டாள், மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவாள். நீங்கள் யாரிடமாவது இப்படிப் பேசத் தொடங்கினால், என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்பவர் உங்களுக்கு வேண்டாம்.

இலங்கையில் இந்த வேலைக்கு உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என்று அழகான சொற்கள் புழங்குகின்றன. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சூட்டை ஆற்றுவதும் அதில் இருக்கிறது; ஆறு என்றால் வழி என்பதால், வழிப்படுத்துவதும் இருக்கிறது. பரிசு பெற்று வந்த பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை! சொல்லலாம், நடக்க வேண்டியது எதிரே வருபவர்.

இனி ஒரு வாக்குமூலம். கனடாவுக்குத் திரும்புமுன் தோழி நம் பழைய இதழ்களைப் புரட்டினாள். வாசகர் மனக்குறைகளுக்கு நாம் பதில் சொல்லும் பகுதியில் விரல் வைத்தாள். "ஆறு வரியில பதில். அதுல நாலு பதில் 'கவலைப்படாதீர்கள்'னு ஆரம்பிக்குது. பட்டுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட படாதீங்கன்னா எப்படி? நான் இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் அதைச் சொன்னதில்ல." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவற்றில் பாதி நான் எழுதியவை.

ஆகவே இந்த இதழிலிருந்து அந்தப் பகுதி மாறுகிறது. மாதம் ஒரே கடிதம். தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரின் விரிவான பதில். பெயரும் ஊரும் வெளிவராது.

அக்டோபர் 10, உலக மனநல நாள். 2022-இல் அதே நாளில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவையின் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988. இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள், கேஸ் ஏஜென்சி எண்ணுக்குப் பக்கத்தில்.

வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று முந்திக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன யோசனை, சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டபிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்