கையிலே கேம், பையிலே சார்ஜர்!

"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுடா" என்று கேட்டால், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றியோ வரதட்சணை பற்றியோ எழுதாமல் வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறானே என்று எங்கள் துறைத்தலைவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஐயா, மன்னிக்கணும்! மூன்று வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படித்ததில் எனக்கு உருப்படியாகப் புரிந்த ஒரே ஒரு சூத்திரம் இந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது. அதற்காகவாவது பொறுத்தருள வேண்டும்.

எங்கள் விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. இந்த லட்சணத்தில் என் அறை நண்பனுக்கு அவன் மாமா துபாயிலிருந்து ஸ்டீம் டெக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 2022-ல் வந்த முதல் மாடல். கம்ப்யூட்டரில் ஆடுகிற கேமையெல்லாம் கையில் பிடித்தபடியே ஆடலாம். "நாலு கோர், பதினாறு ஜிபி டா!" என்று அவன் விடுதி முழுக்கத் தண்டோரா போட்டான்.

பொங்கல் விடுமுறைக்குச் சேலத்தில் மதுரை பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் பெரிய கேம் ஒன்றைத் திறந்தான். உள்ளே இருக்கும் விசிறி பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கரூர் தாண்டுவதற்குள் திரை கறுத்துவிட்டது. நானோ, எங்கள் மாமா சின்ன வயதில் பர்மா பஜாரில் வாங்கிய பழைய பிரிக் கேமை வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் கட்டை அடுக்கிக்கொண்டு வந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல் இரண்டுதான் அதற்கு. போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்றே ஞாபகம் இல்லை.

நண்பன் விடவில்லை. "அடுத்த மாடல் வரட்டும்டா. இதைவிட ரெண்டு மடங்கு பவரோட வரும், அப்பப் பாரு!"

"சார்ஜ் நிக்கலைன்னு அழுவுறதும் நீதான், ரெண்டு மடங்கு பவர் கேக்குறதும் நீதானாடா?"

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் வாய்ச்சண்டை மட்டும் இல்லை நண்பர்களே, பணமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து சேர்த்த 19,000 ரூபாயை வைத்துக்கொண்டு இப்போதே ஒன்று வாங்குவதா, இன்னும் வலுவான மாடலுக்குக் காத்திருப்பதா என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த கட்சி இது: கையடக்கக் கருவிக்கு வேகம் போதாமல் இல்லை, வாட் போதாமல் இருக்கிறது. புது சிப் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கொடுக்கும் மிச்சத்தை முதலில் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும், வேகத்துக்குப் பிறகு.

இப்போது அந்தச் சூத்திரம். சிப் வேலை செய்யும்போது தின்னும் பவர், வோல்டேஜின் வர்க்கத்தையும் ஃப்ரீக்வென்சியையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதம். (படித்தோமே! மார்க் வாங்கினோமா என்பது வேறு விஷயம்.) வேகத்தை இரண்டு மடங்கு ஆக்குகிறோம், அதற்காக வோல்டேஜையும் 20 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். 1.2 × 1.2 × 2 = 2.88. வேகம் இரண்டு மடங்கு, தீனி கிட்டத்தட்ட மூன்று மடங்கு! மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் பில் கட்டிவிட்டுப் போகலாம். கையில் பிடிக்கும் பொருளில் அந்த வாட் முழுவதும் சூடாக மாறி நம் உள்ளங்கைக்குத்தானே வரும்? நண்பனின் கருவியில் பேட்டரி 40 வாட்-மணி. சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும். திரை, மெமரி, விசிறி எல்லாம் சேர்ந்து 20 என்று வைத்தால், நாற்பதை இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள். கரூர் தாண்டாத ரகசியம் அதுதான்.

"பெரிய பேட்டரி போட்டா என்ன?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்பார்கள். போடலாம். ஆசுஸ் கம்பெனி 2023-ல் 40 வாட்-மணியோடு ஒரு கருவி விட்டது. அடுத்த வருஷமே 80 வாட்-மணியோடு இன்னொன்றை விட்டது. எடை 608 கிராமிலிருந்து 678 ஆனது. பரவாயில்லை, நல்ல வேலைதான். ஆனால் 100 வாட்-மணியைத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பாதை அதிக தூரம் போகாது.

இதையெல்லாம் நமக்கு முன்பே புரிந்துகொண்டவர் ஜப்பானின் குன்பெய் யோக்கோய். இவர் கதை நம் மாதிரி டிப்ளமோக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1965-ல் கியோத்தோவில் நின்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டுக் கம்பெனி. இவருக்கு வேலை என்ன தெரியுமா? சீட்டு அச்சடிக்கும் மெஷின்களுக்கு மெயின்டெனன்ஸ்! வேலை இல்லாத நேரத்தில் பொழுதுபோகாமல், நீட்டி மடக்குகிற கை மாதிரி ஒரு பொம்மை செய்தார். முதலாளி பார்த்துவிட்டார். சீட்டுக் கிழியும் என்று பயந்திருப்பார் மனுஷன். முதலாளியோ அதையே 1966-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிற்பாடு கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியில் எல்சிடி திரை மலிவாகிவிட்டதைப் பார்த்து, அதையே எடுத்து 1980-ல் கேம் அண்ட் வாட்ச் செய்தார். புதிதாக வந்த பொருளின் பின்னால் ஓடாதே, எல்லோரும் பழகித் தேய்ந்து விலை இறங்கிய பொருளை வேறு கோணத்தில் யோசித்துப் பயன்படுத்து என்பதுதான் அவருடைய வழி.

1989-ல் அவருடைய குழு கேம் பாய் கொண்டுவந்தது. வண்ணம் கிடையாது, நாலு சாயல்தான். திரைக்குப் பின்னால் விளக்குக்கூட இல்லை. ப்ராசஸர் 4 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், வேலை செய்ய 8 கிலோபைட் மெமரி. கருவி முழுவதும் சேர்ந்து ஒரு வாட்கூடத் தின்னாது. அதே வருஷம் அட்டாரி லிங்க்ஸ், அடுத்த வருஷம் செகா கேம் கியர். இரண்டிலும் வண்ணத் திரை, விளக்கு, ஜொலிஜொலிப்பு! ஆனால் இரண்டுக்கும் ஆறு செல் போட வேண்டும், நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலு செல், பத்துப் பதினைந்து மணி நேரம். செல் வாங்கித் தருகிற அப்பாமார்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள்? கேம் பாயும் அதன் வண்ண மாடலும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடி.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேம் பாய் ஜெயித்ததற்கு செல் மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கட்டை அடுக்கும் விளையாட்டை விட்டு யாராவது எழுந்திருக்க முடியுமா? யோக்கோய் பின்னால் வேறு இடத்துக்குப் போய் வடிவமைத்த வொண்டர்ஸ்வான், ஒரே ஒரு செல்லில் 30 மணி நேரம் ஓடியது. 1999-ல் அது கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1997-ல் சாலை விபத்தில் போய்விட்டார். அத்தனை சிக்கனம் இருந்தும் அது கேம் பாயை அசைக்கவில்லை. ஆடுவதற்கு நல்ல கேம் வேண்டுமே!

2004-ல் இதே கூத்து மறுபடி நடந்தது. சோனியின் பிஎஸ்பி 333 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய சிப்போடு வந்தது. வந்தது என்னவோ உண்மை, ஓடவிட்டார்களா? பேட்டரி தாங்காது என்று 222-லேயே கட்டிப்போட்டார்கள். 2007-ல்தான் அவிழ்த்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவன் பையில் மூன்றில் ஒரு பங்கு வேகம் இரண்டு வருஷம் சும்மா தூங்கியது. அப்போது போட்டிக்கு நின்ற நின்டெண்டோ டிஎஸ் வெறும் 67 மெகாஹெர்ட்ஸ்; ஆனால் இரண்டு திரை, ஒன்றில் தொட்டு ஆடலாம். பிஎஸ்பி சுமார் 8 கோடி, டிஎஸ் 15 கோடிக்கு மேல்.

என் நண்பனும் சும்மா இல்லை, அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2017-ல் வந்த ஸ்விட்ச், 2015-லேயே அறிவிக்கப்பட்ட சிப்பை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டியது. கடைசிக் காலத்தில் மூச்சு வாங்கியது உண்மை. 2023-ல் வந்த செல்டா கேமில் கூட்டம் சேர்ந்தால் படம் தடுக்கும். சில கேம்களை அதில் ஓட்டவே முடியாமல், எங்கோ இருக்கும் சர்வரில் ஓட்டி இன்டர்நெட் வழியே படம் மட்டும் அனுப்பினார்கள். அதைக் கரூர் பஸ்ஸில் ஆடிப் பார்க்கட்டும்! ஆக, எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஹார்டுவேரை மாற்றத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதே ஸ்விட்சில் 2019-ல் நடந்த மாற்றம். சிப்பைச் சின்னதாக்கினார்கள். கேமுக்குக் கொடுத்த வேகத்தை ஏற்றவில்லை. பேட்டரியும் அதேதான். கம்பெனிக் கணக்குப்படி இரண்டரை முதல் ஆறரை மணி நேரமாக இருந்தது, நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஆனது. 2023-ல் ஸ்டீம் டெக்கிலும் அப்படித்தான்: வேகம் கிட்டத்தட்ட அதே, பேட்டரி 50 வாட்-மணி, எடை 640 கிராமாகக் குறைந்தது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-வைப் பாருங்கள். மெமரி 4 ஜிபியிலிருந்து 12, பேட்டரியும் பெரிது, விலை 300 டாலரிலிருந்து 450. ஓடுவது? இரண்டு முதல் ஆறரை மணி நேரம். சுற்றிச் சுற்றி 2017-க்கே வந்து நிற்கிறது. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வித்தை அதில் இருக்கிறது, அது புத்திசாலித்தனம், பாராட்டுகிறேன். மிச்சமான வாட்டை எனக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன மாதம் 2019 மாடல் ஸ்விட்ச் ஒன்றைக் கைமாற்றாக வாங்கிவிட்டேன். அட்டைப்பெட்டி முழுச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். புது சிப்புக்கு அதுதான் அடையாளம். பேட்டரியைக் கழற்றி மாற்றியது நானே. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதைக் கடன் கேட்டிருக்கிறான் நண்பன். "மதுரை வரைக்கும் தாங்கும்ல?" என்று வேறு கேட்கிறான். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளக் பாயிண்ட் எனக்கு என்று அவன் கையெழுத்தோடு எழுதி வாங்கி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன்.