புரண்டு படுத்தால் தூக்கம் வராது

"பேசாம கண்ண மூடிக்கிட்டுப் படு, தூக்கம் தானா வரும்." தூக்கம் வராதவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் மருந்தும் கடைசி மருந்தும் இதுதான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்து விளக்கைப் போட்டால் வீடே பதறுகிறது. எழுந்தவர் கையில் உளியும் மரத்துண்டும் இருந்துவிட்டாலோ, இது வெறும் தூக்கக் கோளாறு அல்ல என்று முடிவே கட்டிவிடுவார்கள். அன்போடு சொல்லும் அறிவுரைதான். ஆனால் தவறு, தூக்கமின்மையை வளர்த்துவிடும் தவறு.

புரண்டுகொண்டிருப்பவர் ஓய்வெடுப்பதில்லை. மணி பார்க்கிறார், இப்போது தூங்கினால்கூட நாலு மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிறார், தூங்காததற்காகத் தன்மேலேயே எரிச்சல்படுகிறார். இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிக்கொள்கிறது. டிவி முன்னால் சொக்கி விழுந்தவர் கட்டிலில் தலை சாய்த்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்கிறாரே, அது இந்தப் பழக்கத்தின் வேலை. இதை உடைக்கும் வழியை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்தார். தூக்கம் வந்தால் மட்டும் படு. சுமார் 20 நிமிடத்தில் கண் அசரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போ. கண் சொக்கினால் திரும்பி வா. எத்தனை முறையானாலும் இதையே செய், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பூட்சினின் இந்த விதிகள் அச்சிகிச்சையின் முக்கியமான அங்கம். நம் வீட்டு அறிவுரை இதற்கு நேர் எதிர்.

சரி, எழுந்து என்ன செய்வது? செல்போனை எடுப்பார்கள். படுத்தபடியே போன் பார்ப்பவரை யாரும் பைத்தியம் என்பதில்லை, அது வேறு கதை. நான் சொல்வது கைக்கருவி மரவேலை.

உடனே சத்தம் என்பார்கள். அவர்கள் காதில் ஒலிப்பது மின்ரம்பத்தின் அலறல். ரவுட்டரும் வட்ட ரம்பமும் 100 டெசிபலை ஒட்டிப் போகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை நம் ஒலி விதிகள் வைத்திருக்கும் வரம்பு 45. ஆகவே இயந்திரத்துக்கு இரவில் இடமே இல்லை. ஆனால் தச்சு என்றாலே இயந்திரம் என்று எப்போது ஆனது? கொட்டாப்புளியால் உளியை அடிக்காமல் உள்ளங்கையால் தள்ளிச் சீவலாம். கத்தியால் கரண்டி செதுக்கலாம். இழைப்புளியை மரத்தின் நார் போகும் போக்கிலேயே ஓட்டினால் மெல்லிய சுருள் சரசரத்து விழும், அவ்வளவுதான். பலகை அதிர்வது கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கும் என்பது உண்மை. மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட வேண்டும். துளை வெட்டுவதும் ஆணி அடிப்பதும் பகல் வேலை.

சத்தம் போடுவது பெரும்பாலும் மழுங்கிய கருவிதான். அது மரத்தோடு மல்லுக்கட்டும், வழுக்கிக் கையையும் பதம் பார்க்கும். அதனால் முதல் சில இரவுகளுக்குத் தீட்டுவது ஒன்றே போதுமான வேலை: சாணைக்கல், கொஞ்சம் தண்ணீர், ஒரே சாய்வில் போய்வரும் உளி. யோசிக்க ஒன்றுமில்லை, அதுதான் அதன் சிறப்பு.

வெளிச்சத்தால் தூக்கம் கெடும் என்று அடுத்து வருவார்கள். டியூப்லைட் போட்டால் கெடும்தான். பிரகாசமான ஒளி மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்றைப் பலகையின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். மேடுபள்ளம் நிழலாக விழுந்து, உச்சி வெளிச்சத்தில் தெரியாத குறையெல்லாம் தெரியும். இழைப்பவருக்குத் தேவையான வெளிச்சமும் தூங்க வேண்டியவருக்கு ஏற்ற வெளிச்சமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

தூக்கக் கலக்கத்தில் கூர்க்கருவியா என்ற கேள்வி மட்டும்தான் எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது. பதில்: முதல் கொட்டாவி வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். கொட்டாவிக்காகத்தானே எழுந்தோம்! அப்படிப் பாதியில் விட ஏற்ற வேலையாகவும் இருக்க வேண்டும். தொடர் பார்த்தால் அடுத்த பகுதி இழுக்கும். மின்கம்பிக்காக வெட்டிப்போட்ட பச்சை வேப்பங்கிளையில் செதுக்கும் கரண்டி அப்படி இழுக்காது. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் ஈரம் காயாமல், வெடிக்காமல் மறுநாளும் காத்திருக்கும். வெட்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது. சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் அந்த வெள்ளை மரம் கத்திக்கு அவ்வளவு இணங்கி வரும்.

ஒருவர் கேட்டுக்கொண்ட ஸ்டூலை மட்டும் இரவில் எடுக்காதீர்கள். தூங்காத நேரத்தையும் பயனுள்ளதாக்கு என்று கிளம்பியிருக்கும் புதுக்கூட்டத்துக்கும் எனக்கும் ஆகாது. கெடு உள்ள வேலை இரண்டாவது ஷிப்ட். அதைச் செய்துவிட்டுத் தூங்க முடியாது. குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பவர்கள், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குபவர்கள் மரத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு உளி மருந்தல்ல.

தரையில் கிடக்கும் சுருள்களை என்ன செய்வது? விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்கள். இந்த ஒன்றில் அவர்கள் பேச்சைக் கேட்கலாம். துடைப்பத்தை எடுத்தால் வந்த தூக்கமும் போய்விடும்.