ஹீலர் வேலையை யாருடைய தலையில் கட்டுவது?

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட நாலைந்து பேர் சேர்ந்து பாத்திரம் உருவாக்கும் நாளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அப்ப ஹீலர் ஆர்?" ஒருத்தர் ஏற்கனவே விஸார்ட். இன்னொருத்தர் ரேஞ்சர், அந்த ரேஞ்சரின் பழைய கதை மட்டும் மூன்று பக்கம் (வாசிக்கச் சொல்லியும் தருவார்). கடைசியில் எல்லாருடைய கண்ணும் இன்னும் ஒன்றும் தெரிவுசெய்யாத ஆளில் போய் நிற்கும். பெரும்பாலும் அது புதிதாக வந்தவர், இல்லாட்டி மறுத்துக் கதைக்காதவர். "நீங்கள் கிளெரிக் எடுங்கோவன், சுகமா விளையாடலாம்" என்று அவருடைய தலையில் கட்டிவிடுவினம்.

அது பச்சைப் பொய். கிளாஸ் என்றால் பாத்திரத்தின் தொழில். மற்றத் தொழில்களோடு ஒப்பிட்டால் கிளெரிக் அவ்வளவு சுகமில்லை. அந்தந்த நிலைக்குரிய கிளெரிக் மந்திரங்கள் முழுவதும் அவருக்குத் திறந்திருக்கும். ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் அன்றைக்கு எது வேணும் என்று அதிலிருந்து தெரிவுசெய்யலாம். புது ஆளுக்கு இது சோதனைக்கு முதல்நாள் முழுப் புத்தகத்தையும் கையில குடுத்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், கிளெரிக் பிறந்ததே ஹீலராக இல்லை. 1974இல் வந்த முதல் விதிகளில் மூன்றே கிளாஸ்தான்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். அதுக்கு முதல், டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில், ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி அடக்க ஏலாத அளவுக்குப் பலம் பெற்றுவிட்டது. அதை மடக்கத்தான், காட்டேரிப் படங்களில் வருகிற வேட்டைக்காரர் மாதிரி, இந்தப் பாதிரியார் பாத்திரம் உருவானது. 1974 விதிகளில் முதலாம் நிலைக் கிளெரிக்கிடம் ஒரு மந்திரமும் கிடையாது. காயம் ஆற்றுவது இரண்டாம் நிலையில்தான் கைக்கு வரும். ஆனால் அந்தக் காலத்து விதிகளில் காயம் தானாக ஆறுவது மெத்த மெதுவு. 1979இன் விதிகளில் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தால் ஒரு ஹிட் பொயின்ட். கிளெரிக் இல்லாத கூட்டம் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். காட்டேரி வேட்டைக்காரர் மருந்துப்பெட்டி ஆனது இப்படித்தான்.

2008இல் வந்த நான்காம் பதிப்பைக் கனபேர் திட்டினார்கள். 'ஒன்லைன் கேம் மாதிரி இருக்கு' என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. அது ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரோலை வெளிப்படையாக எழுதி வைத்தது: டிஃபென்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர். என்னைக் கேட்டால், ஹீலர் பிரச்சினையை நேரே பார்த்துத் தீர்த்த ஒரே பதிப்பு அதுதான்.

காயம் ஆற்றுவது அங்கே லீடரின் வேலை. பெயரைக் கவனியுங்கோ. பணிவிடைக்காரர் இல்லை, தலைவர். குணப்படுத்துவது ஒரு சிறு செயல் மட்டும். அதைச் செய்த அதே முறையில் எதிரிக்கு அடிக்கவும் முடியும். ஆறுகிற அளவும் காயப்பட்டவருடைய சொந்தக் கையிருப்பிலிருந்துதான் கழியும். அதுக்கு மேல, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சண்டைக்கு ஒருதரம் தானே மூச்சு வாங்கி எழும்ப ஏலும். வார்லோர்ட் என்ற கிளாஸுக்குக் கடவுளும் இல்லை, மந்திரமும் இல்லை. சண்டைக்கு நடுவில் ஒரு அதட்டல் போடுவார், விழுந்த ஆள் எழும்பும்! பிரார்த்தனை செய்ய விருப்பமில்லாதவருக்கும் இந்த ரோலில் இடம் இருந்தது.

2014இன் ஐந்தாம் பதிப்பு இந்த ரோல் பெயர்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. சுதந்திரம் என்று கொண்டாடினார்கள். பெயர் போனாலும் எதிர்பார்ப்பு போகவில்லை. எழுதப்படாத கடமை எப்பவும் குரல் குறைந்த ஆளிடம்தான் போய்ச் சேரும். சண்டை விதியும் உதவவில்லை. ஹிட் பொயின்ட் சுழியமானால் ஆள் மயங்கி விழும். ஒன்று ஏறினாலே போதும், எழும்பி முன்னைய அதே பலத்தோடு அடிக்கும். அதனால் ஆள் விழும்வரை காத்திருந்து எழுப்புவதுதான் இலாபம். ஹீலராக இருப்பவரின் வேலை மற்றவர்களுடைய இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பது. மூன்று மணித்தியாலம் அப்படி இருந்து பாருங்கோ.

பல்டர்ஸ் கேட் 3 விளையாடினவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்காது. ஷாடோஹார்ட் என்ற கிளெரிக் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்துவிடுவாள். அவளுக்கு அலுப்பு வராது, 'நானும் டிராகனுக்கு ஒருக்கா அடிக்கட்டே' என்று கேட்கவும் மாட்டாள்.

குணப்படுத்தப் பிரியமானவர்களும் இருக்கிறார்கள்தான். விரும்பி எடுத்தால் கிளெரிக் அருமையான கிளாஸ். நான் சொல்வது தள்ளிவிடப்பட்டவர்களைப் பற்றி. உண்மையில் ஐந்தாம் பதிப்பில் ஹீலர் இல்லாமலே சமாளிக்கலாம். ஒரு மணித்தியாலம் இளைப்பாறினால் தங்கட காயத்தைத் தாங்களே ஓரளவு ஆற்றலாம். மருந்துப் போத்தல் 50 பொற்காசு. 2024இல் திருத்தின விதிகளின்படி, பக்கத்தில் நிற்கிற எவரும் விழுந்தவருக்கு அதைப் பருக்கிவிட்டு அதே முறையில் அடிக்கவும் செய்யலாம். அப்ப முதல் நாளிலேயே ஆளுக்கொரு போத்தல் வாங்கிக்கொள்ள ஆட்டத்தை நடத்துபவர் காசு குடுக்கட்டும். கிளாஸ் தெரிவைப் புதிதாக வந்தவரிடமிருந்து தொடங்குங்கோ.