மாண்டவர் பாடுகிறார், மறைந்தவர் பேசுகிறார்!

பாடகர் பம்பா பாக்யா 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் ஒரு புதுப் பாட்டுப் பாடினார்.

இது பேய்க் கதை அல்ல. சினிமாப் பாட்டு!

"லால் சலாம்" என்ற படத்துக்கு இசை அமைத்தவர் ஏ.ஆர்.ரகுமான். அந்தப் படத்தின் "திமிறி எழுடா" பாட்டில் பம்பா பாக்யாவின் குரல் கேட்டது. கூடவே சாகுல் அமீதின் குரலும் கேட்டது. சாகுல் அமீது 1990-களிலேயே விபத்தில் இறந்தவர்.

இருவரையும் பாட வைத்தது ஒரு கம்ப்யூட்டர்.

இந்த வித்தைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர். சுருக்கமாக "ஏ.ஐ." என்கிறார்கள். இந்தப் பெயரால் பல வீடுகளில் சண்டை வருகிறது. பேரன் பாட்டுப் போடுகிறான். பாட்டி கேட்கிறார்.

"யாருடா பாடுறது?"

"ஏ.ஐ., பாட்டி."

"என்னடா! பாட்டியையே 'ஏய்'ங்கிறியா?"

பாட்டிக்கு விளக்கிச் சொன்னபிறகும் சண்டை தீராது. "செத்தவனைப் பாடச் சொல்றீங்களே, அவனைக் கேட்டீங்களா?" என்று அவர் அடுத்த கேள்வியைப் போடுவார். அந்தக் கேள்விக்குப் பேரனிடம் பதில் கிடையாது. பெரிய பெரிய வக்கீல்களே அதற்கு இப்போதுதான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குரல் வேஷம்

கம்ப்யூட்டர் எப்படிப் பாடுகிறது?

முதலில் அந்தப் பாடகரின் பழைய பாட்டுகளை அதற்குக் கொடுக்கிறார்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார், எந்த இடத்தில் குரல் கரகரக்கிறது என்பதையெல்லாம் அது கற்றுக்கொள்கிறது.

பிறகு, உயிரோடு இருக்கும் ஒருவர் புதுப் பாட்டைப் பாடுகிறார். கம்ப்யூட்டர் அவருடைய குரலைக் கழற்றிவிட்டு, மறைந்தவரின் குரலை மாட்டுகிறது.

நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் போடுவது போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நாடக நோட்டீசில் வேஷம் கட்டியவரின் பெயரும் இருக்கும். இங்கே, தொண்டை வறளப் பாடியவரின் பெயர் வெளியே வருமா என்பது சந்தேகம். கைதட்டல் எல்லாம் வேஷத்துக்கே போய்விடுகிறது.

ரகுமான் ஒரு நல்ல காரியம் செய்தார். இரண்டு பாடகர்களின் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கினார். அவர்களுக்குச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையான செயல்.

அதே ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு பாட்டு வந்தது. விஜய் நடித்த "கோட்" படத்தில் "சின்ன சின்னக் கண்கள்" என்ற பாட்டு. அதில் பவதாரிணியின் குரல் ஒலித்தது. இளையராஜாவின் மகளான அவர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். பாட்டுக்கு இசை அமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. மெட்டுப் போடும்போதே, இதை அக்கா பாட வேண்டும் என்று நினைத்ததாக யுவன் சொன்னார். அக்கா பிழைத்து வரவில்லை. குரல் வந்தது.

அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. தம்பி செய்ததைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

எல்லாரும் இப்படிக் கேட்டுச் செய்வதில்லை. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் இப்படி உண்டாக்கிச் சேர்த்துவிட்டார்கள். குடும்பத்தைக் கேட்கவில்லை. அவருடைய மகன் சரண் வக்கீல் நோட்டீசு விட்டார். அப்பாவின் குரலைப் படத்திலே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை ஒரு மகனுக்கு வரலாமா?

மேடைக்கு வந்த மறைந்தவர்கள்

பாட்டோடு நின்றிருந்தால் பாட்டியைச் சமாதானம் செய்துவிடலாம். தமிழ்நாட்டில் சினிமாவுக்கு வந்த சரக்கு அரசியலுக்கு வராமல் இருந்தது உண்டா? "சின்ன சின்னக் கண்கள்" பாட்டில் பவதாரிணியின் குரலோடு சேர்ந்து பாடிய விஜயே, அதே 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கியவர்தான்.

2024 ஜனவரியில் தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர்.பாலுவின் வாழ்க்கை வரலாற்று நூல் வெளியீட்டு விழா நடந்தது. அங்கே திரையில் கருணாநிதி தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு எல்லாம் அப்படியே. சுமார் 8 நிமிடம் பேசினார். நண்பரை வாழ்த்தினார். மகன் மு.க.ஸ்டாலினின் ஆட்சியைப் பாராட்டினார்.

கருணாநிதி மறைந்தது 2018 ஆகஸ்டு 7-ந் தேதி.

பிப்ரவரி 24-ந் தேதி ஜெயலலிதாவின் பிறந்த நாள். அன்று அ.தி.மு.க. ஒரு பேச்சை வெளியிட்டது. ஜெயலலிதாவின் குரல். தி.மு.க. ஆட்சியைக் கண்டித்தது. எடப்பாடி பழனிசாமியின் கரத்தைப் பலப்படுத்தச் சொன்னது.

ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பர் 5-ந் தேதி.

வாழ்ந்த காலத்தில் இந்த இரண்டு தலைவர்களும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு. மறைந்தபிறகு ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். கட்சியை இப்போது யார் நடத்துகிறாரோ, அவரே சிறந்தவர் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்!

கட்சிக்காரர்களுக்கு இதைவிடச் சௌகரியமான தலைவர் கிடைப்பாரா? சொன்ன நேரத்துக்கு மேடைக்கு வருவார். பத்து மணிக் கூட்டத்துக்கு இரண்டு மணிக்கு வந்து, வேர்க்கடலை தின்று சலித்த ஜனங்களைக் காக்க வைக்கமாட்டார். சோடா கேட்கமாட்டார். மாலை சின்னதாக இருக்கிறது என்று முகம் சுளிக்கமாட்டார். மருமகனுக்கு சீட்டு வேண்டும் என்று அடம் பிடிக்கமாட்டார். எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசமாட்டார். கரண்டு போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

நிஜத்தில் அந்தத் தலைவர்கள் அப்படிப்பட்டவர்களா? எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் ஆளா கருணாநிதி? தாம் பேசுவதைத் தாமே எழுதியவர். ஊருக்கே வசனம் எழுதிக் கொடுத்தவர். அவருக்கு யாரோ வசனம் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வருத்தமும் வருகிறது. ஜெயலலிதா முன்னால் நிமிர்ந்து நிற்கவே தயங்கியவர்கள், இன்று அவர் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

இரவல் குரல் புதிதா?

"குரலை இரவல் வாங்குவது என்ன புதுசா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தமிழ்நாட்டு அரசியலே பாட்டில் வளர்ந்ததுதான். காங்கிரஸ் கூட்டங்களில் கே.பி.சுந்தராம்பாள் பாடினார். தி.மு.க. மேடைகளில் நாகூர் அனிபா பாடினார். பேச்சாளர் வருவதற்கு முன்பே அவர்கள் குரல் கூட்டத்தைக் கூட்டிவிடும். எம்.ஜி.ஆர். திரையில் பாடிய கொள்கைப் பாட்டுகள் பலவற்றைப் பாடியது டி.எம்.சௌந்தரராஜன். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி குரலை மாற்றிப் பாடுவார். ஜனங்களுக்கு அது தெரியும். தெரிந்தே ரசித்தார்கள். படத்தின் ஆரம்பத்தில் பின்னணிப் பாடகர் பெயரும் போட்டார்கள்.

டீக்கடையில் பழைய பேச்சைப் போடுவதும் புதிதல்ல. கிராமபோன் தட்டு வந்த நாளிலிருந்தே மறைந்தவர் குரலை ஜனங்கள் கேட்டுவருகிறார்கள். ஆனால் தட்டு எத்தனை முறை சுழன்றாலும் அவர் சொன்னதைத்தான் சொல்லும். சொல்லாததைச் சொல்லாது.

குடும்பத்தைக் கேட்டு, பணம் கொடுத்து, இது யந்திரக் குரல் என்று அறிவித்துவிட்டு ஒரு பாட்டைப் பாட வைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். மறைந்த தலைவர் ஒருவர் அவர் காலத்தில் இல்லாத பிரச்சினைக்குத் தீர்ப்புச் சொல்வதும், பார்க்காத ஆட்சிக்கு மார்க்குப் போடுவதும், ஓட்டுக் கேட்பதும் சரியல்ல. பாட்டு காதுக்கு. ஓட்டு அப்படியா?

உடைந்த குரல்

குரல் விஷயத்தில் தமிழ்நாட்டு ஜனங்கள் ஒரு முறை பெரிய பரீட்சை எழுதினார்கள்.

1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார். குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அடுத்த மாதம் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். ஆனால் பழைய குரல் போய்விட்டது. பேச்சு குழறியது.

சினிமாவுக்குக் குரல் முக்கியம். வேறொருவரை வைத்து வசனம் பேச வைத்திருக்கலாம். குரல் கொடுக்க ஆளா இல்லை? எம்.ஜி.ஆர். அதைச் செய்யவில்லை. குழறிய குரலிலேயே படங்களில் பேசினார். அதே குரலில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார். 1977-ல் முதல்-மந்திரியாகவும் ஆனார்.

ஜனங்கள் அந்தக் குரலைக் குறையாக நினைக்கவில்லை. நம்ம ஆள் பட்ட அடி அதிலே கேட்கிறது என்று இன்னும் கிட்டத்தில் வந்து நின்றார்கள்.

அன்று இந்தக் கம்ப்யூட்டர் இருந்திருந்தால்? பத்து நிமிடத்தில் குரலைச் செப்பனிட்டு, பளபள என்று கொடுத்திருக்கும். கெட்டிக்கார ஆலோசகர் ஒருவர், "தலைவரே, இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார்.

மேஜிக்காரர் செய்த குரல்

மறைந்தவரின் குரலில் விளையாடிப் பழகிய கை, உயிரோடு இருப்பவரின் குரலையும் விடாது. இதற்கு அமெரிக்கா சாட்சி.

2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுப்பதிவு நடக்க இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான வீடுகளில் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தால், ஜனாதிபதி பைடனின் குரல்! "இப்போது ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் பேசியது.

பைடன் பேசவே இல்லை. ஓர் அரசியல் ஆலோசகர் அந்தக் குரலைச் செய்யச் சொல்லியிருந்தார். செய்து கொடுத்தவர் ஒரு மேஜிக்காரர்! கூலி 150 டாலர், வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று அவரே சொன்னார். ஆலோசகருக்கு அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆனால் அவர்மீது வந்த குற்ற வழக்கில் 2025-ம் ஆண்டு ஜூரிகள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுத்தால் எல்லாரும் கை தட்டலாம். ஜனாதிபதியை எடுத்தால்?

இசைக்குப் பேர்போன டென்னசி மாநிலம் 2024 மார்ச் மாதம் சட்டம் போட்டுவிட்டது. பாடகர் எல்விஸ் பிரஸ்லியின் பெயர் வரும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருவருடைய குரலை அவர் அனுமதியில்லாமல் இப்படிச் செய்வது தவறு என்கிறது சட்டம். இந்தியாவிலும் ஜூலை மாதம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்தக்கூடாது என்று பம்பாய் ஐகோர்ட்டு தடை விதித்தது. உயிரோடு இருந்ததால் அவரே கோர்ட்டுக்குப் போக முடிந்தது.

தேர்தல் கமிஷனும் பேசாமல் இருக்கவில்லை. போலிக் குரலும் போலிப் படமும் தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று 2024 மே மாதம் கட்சிகளுக்குச் சொன்னது. செயற்கையாகச் செய்ததென்றால் அதை எழுதிக் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. நல்ல யோசனை. ஆனால் குரலின் நெற்றியில் சீட்டு ஒட்ட முடியுமா? டீக்கடை வாசலில் நின்று கேட்பவர் காதுக்குக் குரல்தான் போகும். எழுத்துப் போகாது.

இனி, பாட்டி கேட்ட கேள்வி. அவனைக் கேட்டீர்களா?

விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு "கோட்" படத்தில் அவரை ஏ.ஐ. மூலம் காட்டினார்கள். முன் அனுமதியில்லாமல் யாரும் அவரை இப்படிக் காட்டக்கூடாது என்று மனைவி பிரேமலதா அறிக்கை விட்டார். அந்தப் படத்தார் அனுமதி கேட்டே செய்தார்கள். கேட்க ஒரு வீடு இருந்தது.

ஜெயலலிதாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய சொத்துக்கு அண்ணன் பிள்ளைகள் இருவரும் வாரிசுகள் என்று சென்னை ஐகோர்ட்டு 2020 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. போயஸ் தோட்டத்து வீட்டின் சாவி அவர்கள் கைக்கு வர 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்கு வழக்கு, வக்கீல், சாட்சி, அதிகாரிகள், சீல் வைத்த கதவு, கையெழுத்து என்று ஐந்து வருஷம் ஓடியது.

அவருடைய குரலை எடுக்கப் பழைய பேச்சின் ஒலிப்பதிவு போதுமானதாக இருந்தது.